நம்ம ஊர்ப் பிள்ளை தந்த மாத்திரை

மருதப்பனுக்குக் காசநோய் என்று தெரிந்தபோது ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. நேர்ந்துகொண்டு வழக்கமாகச் சுற்றும் கோவிலை அந்த ஆண்டு அவர் சுற்றவில்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிற பலரைப்போல அவரும் நெடுநாள் இருமலைப் பஞ்சுத் தூசியால் வந்தது என்றே நினைத்திருந்தார்.

அரசாங்கம் தரும் மாத்திரைகளோடு இன்னொரு மாத்திரையும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று நடக்கிறது என்று நர்ஸ் கனகலட்சுமி வந்து சொன்னாள். வழக்கமான மருந்து கிருமியைக் கொல்லும். இது கிருமியைத் தொடாது. நோயாளியின் உடம்பே சரியாகப் போராடவும், அந்தச் சண்டையில் நுரையீரல் அதிகம் புண்படாமல் இருக்கவும் இது உதவுமா என்று பார்க்கிறார்கள்.

"அப்படி என்ன புது மருந்து தாயி?"

"புதுசு இல்ல அண்ணாச்சி. சர்க்கரைக்குக் குடுக்குற பழைய மாத்திரைதான். பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ரெண்டும் பாக்க ஒண்ணுபோல இருக்கும்."

மருதப்பன் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். வெறும் மாத்திரை தனக்கு வராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கனகலட்சுமிக்கு ஊர் பனவடலிசத்திரம். அவர் மனைவி முத்துமாரிக்கும் அதே ஊர், அடுத்த தெரு. பந்தியில் தெரிந்தவர் பரிமாறினால் இலையில் வடை ஒன்று கூடுதலாக விழும். மருந்து மட்டும் வேறு மாதிரியா வரும்?

ஆனால் சர்க்கரை இல்லாதவன் அந்த மாத்திரையை விழுங்கினால் மயங்கி விழுவான் என்று ஒரு பயம் இருந்தது. கேட்டால் அவள் வருந்துவாள் என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டு வேல்ராஜுக்கோ நிஜமாகவே சர்க்கரை. மாத்திரை தீர்ந்தும் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் மதியம் வரை வரிசையில் நிற்க வேண்டும், அவன் பார்க்கும் நான்கு தறிகளும் அதுவரை ஓடாமல் கிடக்கும். கால் சுண்டுவிரலில் ஒரு புண் வேறு ஆறாமல் இருந்தது.

மருதப்பன் காசநோய் மாத்திரைகளைத் தவறாமல் போட்டுக்கொண்டார். ஆய்வு மாத்திரையைக் கோமதியம்மனை நினைத்துக்கொண்டு வேல்ராஜுக்குக் கொடுத்தார். காலி டப்பாவை வாங்கிக்கொண்ட கனகலட்சுமி, "ஒண்ணு விடாமப் போட்டிருக்கீங்களே" என்று மெச்சினாள். அவர் சிரித்துக்கொண்டார்.

புரட்டாசியில் அவள் வந்திருந்தபோது வேல்ராஜ் நொண்டிக்கொண்டு தெருவில் போனான். விரல் கறுத்து, பாதம் வீங்கியிருந்தது. புண்ணின்மேல் கோவில் புற்றுமண் பூசியிருந்தான்.

"புத்துமண்ண நெத்தியில வையுங்க, புண்ணுல வேண்டாம்," என்றாள் கனகலட்சுமி. "சர்க்கரைக்கு ஏதும் போடுதீங்களா?"

"அண்ணாச்சி தாரதத்தான் தினமும் போடுதேன்." தறிக்கு நேரமாயிற்று என்று அவன் போய்விட்டான்.

அவள் மருதப்பனைப் பார்த்தாள். அவர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். நல்லது செய்த திருப்திகூட அவர் குரலில் இருந்தது.

"அது வெறும் மாத்திரையா இருந்தா, அண்ணாச்சி?"

"நீ எனக்கு அதையா தருவே? நம்ம ஊர்ப் பிள்ளை."

"எது எதுன்னு எனக்கே தெரியாது. டாக்டருக்கும் தெரியாது."

"தெரியாமலா தந்தே?"

"தெரிஞ்சா வேண்டியவங்களுக்கு ஒண்ணு, வேண்டாதவங்களுக்கு ஒண்ணுன்னு குடுத்துருவோம்னுதான் தெரியாம வச்சிருக்காவ."

அடுப்படியிலிருந்து முத்துமாரி, "நல்லாக் கேளு தாயி. இவுக தர்மப்பிரபு, வீட்டுல ஒரு வார்த்தை சொல்ல மாட்டாவ," என்றாள்.

"அப்போ அவன் இத்தனை நாளும் வெறும் மாவைத்தான் தின்னானா?" என்றார் மருதப்பன்.

"தெரியாது. மருந்தாவே இருந்தாலும் அவருக்கு எவ்வளவு வேணும்னு பாத்துல்லா குடுக்கணும். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா காலையே எடுக்க வேண்டி வரும். நடந்ததை நான் ஆபீஸ்லயும் சொல்லியாகணும்."

"சொல்லு. தப்பு எம்மேலதான்." மருதப்பன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

தறிக்கூடத்து இரைச்சலில் அவர் வேல்ராஜின் காதருகே குனிந்து கத்த வேண்டியிருந்தது.

"ஏலே, நான் தந்தது மருந்துதானான்னு யாருக்கும் தெரியாதாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."

"இம்புட்டு நாள் ஊட்டிவிட்டுட்டு இப்பவா சொல்லுதீங்க?"

"ஏசணும்னா போயிட்டு வந்து ஏசு."

"தறிய யாரு பாப்பா?"

"நான் பாக்குதேன்."

"உங்களுக்கு மூச்சு வாங்குமே!"

பின்னால் வந்த கனகலட்சுமி பையிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்து மருதப்பனிடம் நீட்டினாள். அவருடைய சளியில் இப்போது கிருமி இல்லை. ஆனாலும் தூசியில் நிற்கக் கூடாது. "ரெண்டு தறி போதும் அண்ணாச்சி," என்றாள்.

முதலாளி நஜ்முதீன் சத்தம் போடத்தான் வந்தார். வேல்ராஜின் காலைப் பார்த்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீதி இரண்டு தறிகளுக்கு நடுவில் போய் நின்றார். "போப்பா, போ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா," என்றார். கேட்டால் சம்மதித்திருப்பாரா என்பது வேறு விஷயம். இதுவரை யாரும் கேட்டதில்லை. கனகலட்சுமி வேல்ராஜைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். கால் பிழைத்தது. ஆய்வுக்காரர்கள் நடந்ததை அப்படியே பதிந்துகொண்டு, மருதப்பனைத் தொடர்ந்து வரச் சொன்னார்கள். இனிமேல் அவர் மாத்திரையை முத்துமாரி எதிரில்தான் விழுங்க வேண்டும் என்பது வீட்டில் போட்ட சட்டம்.

அவர் கஞ்சி எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். வேல்ராஜ் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி, "தறிய நான் பாக்குதேன்னு, மாத்திரை தந்த அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா, விரல் இருந்திருக்கும் அண்ணாச்சி," என்றான்.

"இருந்திருக்கும்," என்றார் மருதப்பன். பிறகு கஞ்சியை ஆற்றி அவன் கையில் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான்.