பஸ் நேரப்படி அடுக்கிய மனுக்கள்

1

இது கட்டுரையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். சங்கத்து ஆண்டுமலருக்கு ‘வேலையில் ஊக்கம்’ பற்றி இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். ‘ஊக்கம் என்பது மனிதனுக்கு’ என்று தொடங்கினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. யாரைப் பற்றி எழுதலாம் என்று தேடியபோது அடுக்களையில் என் மனைவி நீலாம்பாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

(பெண்டாட்டி பெருமை பேசுகிறான் என்பீர்கள். பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.)

2

1995 ஜூன். பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகம். பெயர் வேண்டாம். பள்ளி திறக்கும் மாதம் என்பதால் வருமானச் சான்று கேட்டு வாசல்வரை கூட்டம். நீலாம்பாள் அங்கே இளநிலை உதவியாளர். மனுக்களை வரிசை எண்படி அடுக்கிக் கையெழுத்துக்கு அனுப்புவது அவள் வேலை.

சீவலப்பேரியிலிருந்து நடவு வேலை செய்யும் கோமு மூன்றாவது முறையாக வந்து நின்றாள்.

“இன்னைக்கும் சாயங்காலம்தான் கெடைக்கும்னா நான் போயிருதேன்க்கா. மூணு மணி பஸ்ஸ விட்டா எட்டு மணிக்குத்தான் அடுத்தது. நடவ விட்டுட்டு எத்தன நாளு அலைய?”

நீலாம்பாளின் கண்கள் கலங்கி…

(இதைப் படித்துவிட்டு, “நான் எங்க அழுதேன்? எரிச்சலா வந்துச்சு. அத எழுதுங்க” என்றாள்.)

நீலாம்பாளுக்கு எரிச்சலாக வந்தது. அன்று மாலையே பஸ் நிலையத்துக்குப் போய், எந்த ஊருக்கு எப்போது பஸ் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். மறுநாள் முதல், சீக்கிரம் பஸ் பிடிக்க வேண்டியவர்களின் மனுக்களை மேலே வைத்தாள். நடந்தே வீடு சேரக்கூடியவர்களுடையது அடியில். பத்தே நாளில், வெறுங்கையோடு பஸ் ஏறுகிறவர்கள் இல்லை என்றாயிற்று.

3

உள்ளூர்க்காரர் ஒருவர் புகார் செய்தார். கண்காணிப்பாளர் அம்மையப்பன் மெமோ கொடுத்தார்: வரிசை எண்ணை மீறியது ஏன்? பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருந்த சமயம் அது.

“ஏம்மா, ஆபீஸ நாம நடத்துதோமா, பஸ்ஸா?”

“பஸ்ஸுதான் சார். அது நமக்காவ நிக்காதுல்லா.”

(அம்மையப்பனை வில்லனாக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை. எண் வரிசை போனால் சிபாரிசு நுழைந்துவிடும் என்று பயந்தவர். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு.)

“ஒரு வரி மன்னிப்பு எழுதிக் குடுத்துரு, நீலா” என்று சொன்னவன் நான். இதை மறைத்துத்தான் முதலில் எழுதியிருந்தேன்.

“தப்பு செஞ்சிருந்தா எழுதலாம்” என்றாள்.

‘மனுக்கள் அனைத்துக்கும் அன்றன்றே சான்று வழங்கப்பட்டது. பஸ் நேரப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.’ விளக்கம் அவ்வளவுதான். அதைக் கொடுத்துவிட்டு வந்து, அன்றைய மனுக்களையும் பஸ் நேரப்படியே அடுக்கினாள்.

4

முடிவு மூன்று எழுதினேன். ஒன்றில் அம்மையப்பன் மெமோவைத் திரும்பப் பெறுகிறார். இன்னொன்றில் பதவி உயர்வு தள்ளிப்போய், அவளைத் தொலைவிலுள்ள ராதாபுரத்துக்கு மாற்றுகிறார்கள். மூன்றாவதில் அம்மையப்பனே அவள் மேஜைக்கு வந்து, “இந்த ஆளுக்கு எத்தன மணிக்கும்மா பஸ்ஸு?” என்று கேட்கிறார்.

மூன்றையும் நின்றபடியே படித்தாள்.

“மூணுலயும் அவங்க என்ன செஞ்சாங்கன்னுதான இருக்கு? நான் செஞ்சது அதுக்கு முந்தியே முடிஞ்சிட்டுல்லா.”

தாள்களை என் மடியில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். இவற்றில் ஒன்று உண்மையிலேயே நடந்தது. எது என்று நான் சொல்லப்போவதில்லை. பிடித்ததை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு மூன்றுமே வேண்டாமாம்.