‘நிலம் சுத்தம்’ என்றொரு அறிக்கை

மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. அதிகாரம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. திருகாணித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரம் பார்த்தவர். நல்லது இந்தப் பக்கம், கழிவு அந்தப் பக்கம் என்று தள்ளிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினார். கையோடு ஒரு சங்கமும் ஆரம்பித்தார். சங்கத்தில் நாலு பேர். தலைவர் இவர், மற்ற மூவரும் துணைத் தலைவர்கள். உறுப்பினர் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் கிடையாது.

ஆறு வருடத்தில் சங்கம் கண்டெடுத்த புதையல் இரண்டு சாவி, ஒரு ஸ்பூன், ஏதோ ஒரு நாயின் கழுத்துப் பட்டையிலிருந்து விழுந்த பித்தளை வளையம். ஆனாலும் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடந்தால் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. மருமகள் மட்டும் மனதுக்குள் சிரித்துக்கொள்வாள். அவள் வேலை பார்ப்பது காது பரிசோதனை நிலையத்தில். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனில் மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டதா இல்லையா என்று குறித்துக்கொள்ளும் வேலை. கேட்காததைக் கேட்டதாகச் சொல்லும் பெரிய மனிதர்களை தினமும் பத்துப் பேராவது பார்க்கிறாள்.

அந்த வாரம் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்த பழைய மரக் கொட்டகையைப் பிரித்தார்கள். மருமகளின் தம்பி உதவிக்கு வந்தான். வேலை போய் நாலு மாதமாக வீட்டில் இருப்பவன், அக்கா கூப்பிட்டதும் ஓடி வந்துவிட்டான். இருவரும் பொழுதுக்கும் பலகை இழுத்தார்கள். மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து எந்தப் பலகையை எப்படித் தூக்க வேண்டும் என்று இழுத்து முடித்த பிறகு சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கை கழுவும்போது அவள் விரலில் மோதிரம் இல்லை. கல்யாணத்தன்று மாமியார் தன் விரலிலிருந்து கழற்றி இவளுக்குப் போட்டுவிட்ட தங்க மோதிரம். அவள் விரலுக்குக் கொஞ்சம் தொளதொளப்பு.

“பதறாதீங்க. மெஷின் இருக்கு, நான் இருக்கேன்,” என்றார் மாமனார்.

மறுநாள் தொப்பி, கையுறை, முழங்கால் பட்டை சகிதம் களத்தில் இறங்கினார். மெஷினின் அடியில் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிய வட்டமாக, உலோகத்தை மோப்பம் பிடிக்கும் ‘காயில்’ என்ற கம்பிச் சுருள். கொட்டகை நின்ற மண்ணிலோ பல வருடத்து ஆணி, கம்பி, சோடா மூடி எல்லாம் குடும்பத்தோடு குடியிருந்தன. மெஷின் இடைவிடாமல் உறுமியது. இரும்பு எதிர்ப்பட்டால் வாயைத் திறக்காதே என்று மெஷினுக்கு உத்தரவிட ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினார்.

“குப்பை கத்துறதையெல்லாம் கேட்டுட்டு நிக்க எனக்கு நேரமில்ல,” என்றார். ஓய்வு பெற்றவருக்கு நேரம் எங்கே இருக்கும்?

அதன் பிறகு மெஷின் மரியாதையாக மௌனம் காத்தது. புல் வெட்டும் வேகத்தில் இருபது நிமிடம் வீசிவிட்டு வீட்டுக்குள் வந்து, தேதி போட்டு அறிக்கை எழுதினார். ‘மேற்படி இடம் முழுமையாக ஆய்வு செய்யப்பட்டது. நிலம் சுத்தம்.’ கீழே கையெழுத்து, அதற்கும் கீழே சங்கத்தின் முத்திரை. நகல் ஒன்று மனைவிக்கு.

நிலத்தில் இல்லையென்றால் மோதிரம் எங்கே? அன்றைக்கு வீட்டுக்கு வந்துபோன வெளியாள் யார்? இந்தக் கணக்கைப் போட வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“நான் யாரையும் சொல்லல. ஆனா நிலம் சுத்தம்னு உங்க மாமா எழுதியே குடுத்துட்டாரே,” என்றாள் மாமியார். யாரையும் சொல்லாமலே மூன்று வேளையும் சொன்னாள்.

“உன் தம்பி நல்லவன்தான்,” என்றான் கணவன். “அப்பாவும் தப்பா சொல்லமாட்டார்.” இரண்டு படகிலும் கால் வைத்துக்கொண்டு தூங்கப் போனான்.

நாலு நாள் அவள் மூவரோடும் மல்லுக்கு நின்றாள். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று தொண்டை வற்றச் சொன்னாள். ஐந்தாம் நாள் மதியம், நிலையத்தின் படிக்கட்டில் நின்றுகொண்டு அவனுக்கே போன் போட்டாள்.

“டேய், கோவிச்சுக்காதே. ஒரே ஒரு தடவை கேக்கறேன். நீ எடுத்தியா?”

போன் துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் அவன் எடுக்கவில்லை. அன்று கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்து வந்தாள். மாமியார் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கேட்டது அவளே ஆயிற்றே, யாரோடு சண்டை போடுவது?

ஞாயிற்றுக்கிழமை காலை கணவனின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி மர ஸ்டூலின் மேல் வைத்தாள். மாமனாரை மெஷினோடு வரச் சொன்னாள்.

“இது மேல ஒரு தடவை காட்டுங்க மாமா.”

மெஷின் கணீரென்று கூவியது. மாமனார் தானே கூவியதுபோல் நிமிர்ந்தார். அவள் மோதிரத்தின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் ஒவ்வொரு ஆணியை வைத்தாள்.

“இப்ப காட்டுங்க.”

மூச்சு பேச்சில்லை. மாமனார் மறுபடி வீசினார். மெஷினைத் தட்டினார். பேட்டரியைச் சந்தேகப்பட்டார்.

“ஆணியைப் பாத்ததும் வாயை மூடிக்குது மாமா. மறுபடி தொறக்கறதுக்குள்ள மோதிரத்தைத் தாண்டிடுது. பெரிய சத்தத்தை ஒட்டி வர்ற சின்னச் சத்தம் காதுக்கே தப்பிடும். நாங்க தினம் பாக்கறோம்.”

“ஸ்டூல் வேற, நிலம் வேற,” என்றார் மாமனார்.

“அப்போ நிலத்துலயே பாத்துருவோம்.”

மெஷினோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் காயிலும் வந்திருந்தது. கத்துக்குட்டிகளுக்கானது என்று மாமனார் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார். அதை மாட்டினாள். இரும்புக்கு விதித்த தடையை எடுத்தாள். ஹெட்போனுக்குள் ஒரு சந்தையே நுழைந்தது. இரும்புக்கெல்லாம் அடிக்குரலில் உறுமல், மற்றதற்குக் கீச்சுக்குரல். உறுமட்டும் என்று விட்டாள். அங்குலம் அங்குலமாக, வீடு மெழுகுகிற நிதானத்தில் நகர்ந்தாள்.

முதல் கீச்சு, பழைய செம்புக் கம்பித் துண்டு. இரண்டாவது, கசங்கிய அலுமினியத் தாள்.

“தங்கச் சுரங்கத்துக்கு எப்போ திறப்பு விழா?” என்றார் மாமனார் நாற்காலியிலிருந்து.

அவள் அடுத்த அங்குலத்துக்கு நகர்ந்தாள். பலகை இழுத்த தடத்தில் உறுமல், இன்னொரு உறுமல், இரண்டுக்கும் இடையில் கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு கீச்சு. திரும்ப வீசினாள், காணோம். பக்கவாட்டில் போய் நின்று வீசினாள். வந்தது. இன்னும் மெதுவாக வீசினாள். மறுபடி வந்தது. மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினாள். நாலு விரல் ஆழத்தில் வளைந்த ஆணி இரண்டு, நடுவில் மண் அப்பிய மோதிரம். அவளுக்கு அழுகை வந்தது. மூன்று பேர் பார்க்க அழுதாள்.

“நான்தான் அப்பவே சொன்னேனே, யாரையும் சொல்லலன்னு,” என்றாள் மாமியார்.

மாமனார் அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டார். “சங்கத்தின் சார்பில் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில்…”

“முதல்ல எழுதினதைக் கிழிச்சுப் போடுங்க மாமா,” என்றாள் அவள். அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. மாமனார் பேனாவை மூடினார். கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, எந்தப் பக்கம் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டான்.

மண்ணோடு மோதிரத்தைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் போன் அடித்தது.

“எங்க இருந்துச்சுக்கா?”

“பின்னாடிதான்டா. ஆணிக்கு நடுவுல மாட்டியிருந்துச்சு.”

“உன் மாமனாரா கண்டுபிடிச்சார்?”

“அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் எங்கடா! நான்தான். காலையில இருந்து தேடி எடுத்தேன்.” தம்பியும் சிரிப்பான் என்று நினைத்தாள்.

அவன் சிரிக்கவில்லை. “காலையில இருந்தா?” என்றான். “அதை எடுக்கற வரைக்கும் உனக்கும் சந்தேகம் இருந்துச்சா அக்கா?”

இல்லை என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். சொன்னால் அவனும் நம்பிவிடுவான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடவும் வருவான்.

“இருந்துச்சுடா,” என்றாள்.

“சரிக்கா,” என்றான் தம்பி. “மோதிரத்தைப் பத்திரமா வச்சுக்க.” போனை வைத்துவிட்டான்.