கண்ணைக் கட்டி மூன்று வாய்

கட்டபெட்டு ஊர் பேக்கரிக்காரர் வசந்த்குமாருக்கு இந்த உலகத்தில் எதிரிகள் இரண்டே பேர். ஒன்று, ரேஷன் வாங்குகிறவர் முகத்தைப் படம் பிடிக்கும் புது மெஷின். மற்றது, பாக்கெட்டில் வரும் சோயாக் கறி. இரண்டும் ஒரே கும்பலின் வேலை என்பது அவர் கட்சி. முகத்தை வாங்கிக்கொண்டு கறியை மாற்றிக் கொடுக்கிறார்களாம். ஆதாரம் கேட்டால் வாட்ஸ்அப்பைத் திறப்பார். அவர் பேசி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

அந்தப் பேச்சு தொடங்கினாலே மனைவி தங்கமணி உள்ளே போய்விடுவாள். அவர்கள் கடையின் பேர்போன மட்டன் பப்ஸில் நாலு வருஷமாக மட்டனே இல்லை. கொரோனாவில் அவர் ஆக்சிஜனோடு கிடந்தபோது, ‘ஆளை எழுப்பிக் கொடு முருகா, இனிக் கறியைத் தொடமாட்டேன்’ என்று வேண்டிக்கொண்டாள். அவரும் எழுந்து வந்தார். வியாபாரத்தை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மீல்மேக்கர் என்கிற அதே சோயாவை ஊறவைத்துப் பிழிந்து, கொத்தி, மசாலாவில் புரட்டினாள். வீட்டுக் குழம்புக்கும் அதுவே. கறிக்காசு கோயில் உண்டியலுக்குப் போனது. “எலும்புச்சாறு என்னமா எறங்கியிருக்குது!” என்று அவர் சப்புக்கொட்டும்போது அவளுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

சனிக்கிழமை காலையில் இ-சேவை மையத்துக் கீர்த்திவாசன் முகம் பதியும் மெஷினோடு பேக்கரி வாசலிலேயே மேசை போட்டான். வசந்த்குமார் சும்மா இருப்பாரா?

“என்னை நான்தான்னு சொல்றதுக்கு மெஷின் எதுக்குடா? நல்ல கறி எது, பாக்கெட் கறி எதுன்னு சொல்ல எனக்கு நாக்கு இருக்குது!”

“அப்பக் கண்ணைக் கட்டிட்டுச் சொல்லுங்கண்ணா. சரியாச் சொன்னா மேசையை மடிச்சுட்டுப் போயிடறேன். தப்புன்னா மொதல்ல உங்க மூஞ்சியத்தான் பதிவேன்.”

“ஏனுங்க, வேண்டாங்க இந்த வம்பு” என்று தங்கமணி ஓடி வருவதற்குள் துண்டைக் கட்டிவிட்டார்கள். பக்கத்து மெஸ்ஸிலிருந்து நிஜ ஆட்டுக்கறி வந்தது. அதையும் தங்கள் பப்ஸையும் அடுத்தடுத்துத் தின்றால் பச்சைக்குழந்தைக்குக்கூடக் குட்டு விளங்கிவிடுமே! அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் மெஸ் கறி. “மட்டன்” என்றார். அடுத்தது பப்ஸ். “மட்டன். நம்ம கடைச் சரக்கு.” தங்கமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கீர்த்திவாசன் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். தேங்காய் பன்னைப் பிய்த்து, உள்ளே இருந்த சர்க்கரைப் பூரணத்தை அவர் வாயில் வைத்தான். அவர் நிதானமாக மென்று விழுங்கினார்.

“இதுவும் அசல் மட்டன். சோயாவை எப்படா தருவே?”

எல்லோரும் குபீரென்று சிரித்தார்கள். ஆனால் அவர் முகத்தில் விளையாட்டே இல்லை. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

தங்கமணி கணவரையே பார்த்தாள். சர்க்கரை கூடவா தெரியவில்லை? ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது, வாசமும் ருசியும் மெல்லத்தான் திரும்பும் என்று டாக்டர் சொன்னார். ஒரு மாசம் கழித்துக் கேட்டதற்கு, “வந்துருச்சு” என்றாரே! அப்படியானால் அந்தச் சப்புக்கொட்டல், அந்த எலும்புச்சாறு, எல்லாம் தனக்காகப் போட்ட வேஷமா? பாவி மனுஷன், நாலு வருஷமா!

“ருசியே தெரியாத ஆளு எங்களுக்கு எதைப் போட்டு வித்தாரு? பாக்கெட் கறியா?” என்று தேயிலை பறிக்கும் ராக்கம்மா சத்தம் போட்டாள். இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்துகொண்டன.

தங்கமணி முன்னால் வந்தாள். “அவரைக் கேக்காதீங்க. கறியே இல்லீங்க. நாலு வருஷமா நான்தான் மீல்மேக்கர் போட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

வசந்த்குமார் துண்டை அவிழ்த்தார். கீர்த்திவாசன் கையிலிருந்த பன்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அடித்துவிடுவாரோ என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் அவளிடம் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து வெச்ச கொழம்புமா?”

“ஆமாங்க.”

“நல்லா இருந்துச்சா, தங்கமணி?”