பாலிங் மேட்டில் இரண்டாவது கியர்

அந்த வண்டியைப் பிரேமாவதி கடைசிவரை 'துரை காடி' என்றுதான் சொன்னாள். காட்டில் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கி தூக்கி, அவசரகாலம் தொடங்கியதும் பயந்து தோட்டத்தை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரை, தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரசரான அவள் கணவன் பரஞ்சோதிக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

போருக்கு முந்திய சீமை வண்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு குச்சி இருக்கும். அடுத்து எந்த கியர் வேண்டுமோ அதை முன்னதாகவே குச்சியில் வைத்துவிடலாம். வேண்டிய நேரத்தில் இடது காலால் பெடலை ஒரு மிதி மிதித்தால் கியர் தானாக விழும். பிரேமாவதி வண்டி ஓட்டப் பழகியதே அதில்தான். தூரத்தில் மேட்டைக் கண்டதுமே குச்சியை இரண்டுக்குத் தள்ளிவிட்டு, ஏதாவது முணுமுணுத்தபடி போவாள். பெண்பிள்ளை கார் ஓட்டுவதைப் பார்க்கக் கூலிம் கடைத்தெருவில் ஆட்கள் வெளியே வந்து நிற்பார்கள். அதில் அவளுக்கு வெட்கமும் உண்டு, பெருமையும் உண்டு.

பக்கத்து வீட்டுச் செல்லாயியைப் பிரசவத்துக்குப் பாலிங் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன அன்று அது கைவிட்டது. பாதி மேட்டில் எஞ்சின் அலறியது. வண்டி முன்னே போகாமல் பின்னால் உருண்டது. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு பக்கமும் காடு. பட்டாளத்து லோரி வந்து கயிறு கட்டி இழுப்பதற்குள், பின் இருக்கையில் பிறந்த பெண் குழந்தையைத் தன் முந்தானையில் ஏந்தியிருந்தாள் பிரேமாவதி.

கூலிமில் பட்டறை வைத்திருந்த கவுஸ், வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார்.

"கியர்பெட்டிக்கு உள்ள பட்டையெல்லாம் தேஞ்சி போச்சி தங்கச்சி. இந்தச் சாமான் இனிமே கெடைக்காது."

"அப்ப என்னா செய்யலாம், அண்ணே?"

"பழைய ஆர்மி லோரி கியர்பெட்டி ஒண்ணு கெடக்கு. கிளட்ச் வச்சி, கையால போடுற மாதிரி மாத்திடலாம்லா."

அந்தப் பெட்டி நீளமாக இருந்ததால், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை அறுத்துக் குறுக்கிப் பற்றவைத்தார். வண்டியின் தரையில் துளை போட்டார். வண்டி திரும்பி வந்தபோது ஸ்டியரிங்குக்குக் கீழே குச்சி இல்லை. தரையிலிருந்து ஓர் இரும்புத்தடி நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரோ தெரிந்தவர் இறந்துபோன மாதிரி இருந்தது அவளுக்கு.

"இனிமே நானே ஓட்டிக்கிறேன் பிரேமா," என்றான் பரஞ்சோதி. "இது முரட்டு காடியா போச்சி."

அவன் மருந்தகத்துக்குப் போன பிறகு, காலையில் அவள் பந்துத் திடலைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். எஞ்சின் நின்று நின்று போகும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லாயி ஓரமாக நின்று பார்ப்பாள்.

"அக்கா, கியர் பல்லக் கடிக்குது."

"கடிக்கட்டும். எனக்குத்தான் கூசுது."

கிளட்சை மிதித்து, தடியை நடுவில் விட்டு, மறுபடி மிதித்துப் போட வேண்டும். முன்கூட்டியே நினைத்து வைக்க இடமில்லாத வண்டி அது.

ஒருநாள் மருந்தகத்தில் மருந்து குறைந்தது. காட்டிலிருப்பவர்களுக்குக் கொடுத்தான் என்று பரஞ்சோதியைப் போலீஸார் விசாரணைக்குப் பாலிங்குக்குப் பிடித்துப் போனார்கள். குற்றம் இல்லை என்று விட்ட செய்தி தோட்டத்துக்கு வந்த அன்று, பாலிங் சாலையில் காட்டிலிருப்பவர்கள் பஸ்ஸை எரித்திருந்தார்கள். வேறு எந்த வண்டியும் அந்தப் பக்கம் போகத் துணியவில்லை.

பிரேமாவதி தனியாகக் கிளம்பினாள். அதே மேட்டில் வண்டி திணறியது. மிதித்தாள், விட்டாள், மறுபடி மிதித்தாள். இரண்டாவது கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. யாருமில்லாத அந்தச் சாலையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். உடனே அழுகையும் வந்தது.

போலீஸ் நிலைய வாசலில் தாடியோடு நின்றிருந்த பரஞ்சோதி, பழக்கத்தில் ஓட்டுநர் பக்கம் வந்து கதவைத் திறந்தான். அவள் கை கியர் தடியின் மேல் இருப்பதைப் பார்த்தான். கதவைச் சாத்திவிட்டு, சுற்றிப் போய் இடது பக்கம் உட்கார்ந்தான்.

"நீயே ஓட்டு பிரேமா."

இறக்கத்தில் அவன் தூங்கிப்போனான். குழிகளை ஒதுக்கி, மெதுவாக ஓட்டினாள். அவசரகாலம் முடிந்து அந்த வண்டியை விற்கும்வரை பரஞ்சோதி மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவில்லை. போகும் வழியெல்லாம் அவளோடு பேசிக்கொண்டே வருவான். அந்தப் பேச்சைத்தான் பிற்காலத்தில் அவள் அதிகம் நினைத்துக்கொண்டாள்.