தலைகீழாய் நட்ட கிளுவை

1

இந்தக் கதை எனக்கு அவிநாசிப் பேருந்தில் கிடைத்தது. "வேலிக் குச்சியத் தலகீழா நட்டுப்போட்டாருங்க எங்கூட்டுக்காரரு" என்று முன் இருக்கையில் ஒரு பெண் சொல்லிச் சிரித்தாள். முழுதும் கேட்பதற்குள் இறங்கிவிட்டாள். மீதியை நான்தான் எழுதியாக வேண்டும், கண்ணுகளா.

'வறண்ட நிலத்தின் பல்லுயிர்ச் செல்வமாகிய…'

வேண்டாம். பாடப்புத்தக வாடை.

2

அவளுக்குச் செவ்வந்தி என்று பெயர் வைக்கிறேன். கோவிந்தராஜுலுவின் கொறங்காட்டைக் குத்தகைக்குப் பிடித்துச் செம்மறி மேய்க்கிறாள். கொறங்காடு என்றால் உழாமல் புல்லுக்கென்றே விட்ட நிலம். சுற்றிலும் உயிருள்ள கிளுவை வேலி. புல் விதை உதிர்க்கும்வரை ஆடுகளை உள்ளே விடமாட்டாள். வேலியடியில் கௌதாரி அடைகாத்தால் அந்தப் பக்கமே ஓட்டமாட்டாள்.*

கோடையில் வேலியில் சந்து விழுந்து, ஆடுகள் பக்கத்துக்காரர் சோளத்தை மேய்ந்துவிட்டன.

"இந்த மழைக்கு வேலி அடையலீனா மொத்தத்தையும் புடுங்கிக் கம்பிவேலி போட்டுருவேன், அம்மணி. அப்பறம் ஆடும் வேண்டாம்" என்றார் கோவிந்தராஜுலு.

செவ்வந்தி நடுவதற்கு உயரமான கிளுவைக் குச்சிகளை, அதாவது போத்துகளை, வெட்டிக் குவித்தாள். புருஷன் அங்கப்பன் அவசர அவசரமாக நட்டான்.

* கௌதாரிக் கூடு எந்த இடம் என்று எனக்கும் அவள் சொல்லவில்லை.

3

"ஏனுங்க, அடி எது, நுனி எதுன்னு பாத்துத்தான நட்டீங்க?"

"ரெண்டு பக்கமும் முள்ளுதான். குச்சிக்கு மூஞ்சியா இருக்குது பாக்கறதுக்கு?"

"உங்களயும் தலகீழா நட்டு வெச்சாத் தெரியும்."

பல போத்துகள் தலைகீழாய்த்தான் நின்றன. பிடுங்கித் திருப்பி நட்டால், விட்ட வேரும் அறுந்துபோகும். வேலமுள்ளை வெட்டிச் சந்தில் அடைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

(இங்கே ஓர் ஆராய்ச்சியாளரைக் கொண்டுவந்தேன். பேசிக்கொண்டே இருந்தார். அனுப்பிவிட்டேன்.)

4

முதலில் எழுதிய முடிவு: செவ்வந்தி ஆடுகளை விற்க ஓட்டிக்கொண்டு கருமத்தம்பட்டிச் சாலையில்…

அந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. மழையை வரவழைத்தேன்.

ஒரு காலையில் முள்ளை விலக்கினாள். தலைகீழாய் நின்றவையும் பக்கவாட்டில் துளிர்விட்டிருந்தன.

"ஏனுங்க, ஓடியாங்க!"

"நான் அப்பவே சொன்னனே" என்றான் அங்கப்பன். ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

(இது நடக்குமா என்று கேட்காதீர்கள். பேருந்தில் அந்தப் பெண் சிரித்தாளே, அதை நம்பித்தான் எழுதுகிறேன்.)

கோவிந்தராஜுலு துளிரைத் தொட்டுப் பார்த்தார். "கம்பிக்காரன வரவேண்டாம்னு சொல்லிப்போடறேன். மேயட்டும்."

செவ்வந்தி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

5

ஒரு போத்து மட்டும் துளிர்க்கவில்லை. பிடுங்கப் போன அங்கப்பனின் கையைத் தட்டிவிட்டாள்.

"உடுங்க. அடுத்த மழயும் இருக்குதல்ல."

அது நேராக நிற்கிறதா, தலைகீழாகவா என்று நான் எழுதவில்லை. அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அந்தப் பக்கம் போனால் பாருங்கள். அசைத்து மட்டும் பார்க்காதீர்கள், வேர் பிடிக்கிற நேரம்.