தெரிந்த குரல்

செத்தவீட்டு மண்டபத்து ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்ததும் இந்திரகுமார் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"வெள்ளைக் கொரோலா ஒண்டு வாசலை மறிச்சு நிக்குது. ஆரின்ர எண்டாலும் உடனே எடுங்கோ. பெட்டி வாற வாகனம் உள்ளுக்கு வர ஏலாமல் நிக்குது."

"இருங்கோ அப்பா. அது எங்கட கார் இல்லை," மகள் மயூரா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இருந்தார். காருக்காக அவர் எழும்பவில்லை.

யோகாவின் குரல் டண்டினொங் பக்கத்தில் வந்து குடியேறிய தமிழர் எல்லாருக்கும் தெரியும். கோயிலில் கார் நம்பர் வாசிப்பவள் அவள். அன்னதானத்துக்கு வரிசையில் வரச்சொல்பவள் அவள். செத்தவீட்டில் ஆட்களை ஒழுங்குபடுத்துவதும் அவள்தான். பிழைப்புக்கு ஆஸ்பத்திரிகளுக்கு டெலிபோனில் மொழிபெயர்க்கிறாள் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. இந்திரகுமாருக்கே பதின்மூன்று நாளைக்கு முன்புதான் தெரிந்தது.

அன்றைக்கு மகன் சுகிர்தன் வேலைத்தலத்தில் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டான். தையல் போட்ட டொக்டர் பெட்டை அவன் கை நடுங்குவதைக் கண்டுவிட்டாள். குடிப்பியா என்று கேட்டாள். சனி ஞாயிறில் மட்டும் என்றான். உன்னோடு இருக்கிற அப்பாவிடம் கேட்கலாமா என்றாள். அவன் அவரை ஒருக்கால் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

டொக்டர் டெலிபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள். "வணக்கம் ஐயா. நான் மொழிபெயர்ப்பாளர். இஞ்ச கதைக்கிறது ஒண்டும் வெளியில போகாது," என்றது குரல். பெயர் சொல்லவில்லை. பெயர் எதற்கு? போன வெள்ளிக்கிழமையும் கோயிலில் கேட்ட குரல்.

"மகன் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பார் எண்டு டொக்டர் கேக்கிறா. குற்றம் பிடிக்க இல்லையாம். உண்மை தெரிஞ்சால்தான் பாதுகாப்பாய் நிப்பாட்டலாமாம்."

நாலு லீற்றர் வைன் பெட்டி அவனுக்கு இரண்டு நாளைக்குக் காணாது. காலையில் இரண்டு மடக்கு இறங்கினால்தான் கை அடங்கி முகம் வழிப்பான். ஊரில் செத்துப்போன சிநேகிதப் பெடியளோடு குசினியில் இருந்து கதைப்பான். இதெல்லாம் அவர் வாய்வரை வந்தது. ஆனால் கேட்கிறவன் எழுதினால் உள்ளதைச் சொல்லக்கூடாது. சோதனைச்சாவடியிலும் விசா விசாரணையிலும் அவர் படித்த படிப்பு அது ஒன்றுதான். இங்கே எழுதுகிறவளோடு கோயில் ஒலிவாங்கியும் சேர்ந்து நிற்கிறது.

"இடைக்கிடை ஒரு பியர் பிள்ளை. வேற ஒண்டுமில்லை."

குரல் ஒரு கணம் நின்றது. பிறகு அப்படியே இங்கிலீசில் சொன்னது. சுகிர்தன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

வீட்டுக்கு வந்தவுடன் அவர் தன் வைத்தியத்தைத் தொடங்கினார். குடியை நிப்பாட்டப் பாதுகாப்பு எதற்கு, பூட்டு இருந்தால் போதும். இருந்த வைனையெல்லாம் குசினி அலுமாரிக்குள் வைத்து ஆமைப்பூட்டுப் போட்டு, பூட்டின திறப்பைத் தன்னோடே வைத்துக்கொண்டார். அவனுடைய பேர்ஸையும் கார்த் திறப்பையும் எடுத்துக்கொண்டார். முதல் நாள் அவனுக்கு உடுப்பு நனைய வியர்த்தது. இரண்டாம் நாள் சுவரில் எறும்பு ஊருது என்றான். எறும்பு இல்லை. என்றாலும் அவர் துணி எடுத்துச் சுவரைத் துடைத்துவிட்டார்.

"அப்பா, ஒரு மடக்கு. ஒண்டே ஒண்டு."

"செத்தாலும் தரமாட்டன்."

மூன்றாம் நாள் காலை குளியலறையில் வலிப்பு வந்தது. கதவை உடைத்தார்கள். ஆம்புலன்ஸ்காரன் நெஞ்சை அமத்தி அமத்திக் களைத்துப்போனான்.

ஆஸ்பத்திரியில் டெலிபோனில் வேறு ஒருத்தர் வந்தார், இந்தியத் தமிழர். "தினமும் நிறைய குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா இப்படி வலிப்பு வரலாமாம் ஐயா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா இங்கயே வச்சு, மருந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தியிருப்பாங்களாம்." மயூரா அப்போது வெளியே நின்று கிளென் வேவர்லியில் இருக்கிற புருசனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து கேட்டதற்கு அவர், "வலிப்பாம்," என்று மட்டும் சொன்னார். சனத்துக்கு அவள் ஹார்ட் அட்டாக் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது மண்டபத்தின் பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "முப்பத்தாறு வயதில ஹார்ட் அட்டாக். எல்லாம் இந்தப் பொரிச்ச கோழி செய்யிற வேலை," என்றார்.

பெட்டி வந்தது. தேவாரம் தொடங்கியது. யோகா சுவரோரமாக நின்று பூவைத் தட்டுகளில் பிரித்துக்கொண்டிருந்தாள். இந்திரகுமார் எழும்பிப் போய் அவள் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை, அண்டைக்கு டெலிபோனில வந்தது நீர்தானே?"

அவள் நிமிரவில்லை. "அங்கிள், ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

"நான் பொய் சொன்னனான். உமக்குத் தெரியும்."

"இருங்கோ, தண்ணி கொண்டு வாறன்."

"தண்ணி வேண்டாம். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். அந்த டொக்டர் கேட்டவ. வடிவாக் கேட்டவ. இவள் மயூரா ஆஸ்பத்திரிக்காரரில பிழை எண்டு நிக்கிறாள். நீர் சொன்னால் நம்புவாள்."

அவள் கையில் இருந்த பூ தட்டுக்கு வெளியே விழுந்தது. "என்ர வேலையைப் பற்றி நான் ஒருத்தரோடையும் கதைக்க ஏலாது, அங்கிள். உங்களோடையும் ஏலாது. குறை நினைக்காதேங்கோ."

பதின்மூன்று நாளாக அவர் பயந்தது இவள் வாய்க்கு. அவள் அடுத்த தட்டை எடுத்தாள்.

திரும்பி வந்தபோது மயூரா போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"கம்ப்ளெயின்ற் எழுதுறன் அப்பா. சும்மா விடமாட்டன். வெள்ளைக்காரப் பெடியன் எண்டால் இப்பிடி வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்களே? குடியைப் பற்றி அண்ணாவிட்டக் கேட்டவங்கள் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். அவன் எங்க உண்மை சொல்லியிருப்பான்? உங்களிட்ட ஒரு சொல்லும் கேக்கேல்லைத்தானே? ஆளை வைச்சு, தமிழில?"

இதை அவள் முன்பும் கேட்டவள். கேட்கவில்லை என்றுதான் அவர் சொல்லியிருந்தார்.

"சொல்லுங்கோ அப்பா. அதைத்தான் எழுதப்போறன்."

இந்திரகுமார் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு சின்னத் திறப்பை எடுத்து அவளுடைய போனுக்கு மேல் வைத்தார்.

"இது எதின்ர திறப்பு?"

"இனிச் சொந்தக்காரர் பூப் போடலாம்," என்றது ஒலிபெருக்கி. "முதல்ல அப்பா வாங்கோ."

"அப்பா, எதின்ர திறப்பு இது?"

அவர் முன்வரிசைக் கதிரைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பெட்டிப்பக்கம் நடந்தார். சுகிர்தனின் கைகள் இரண்டும் நெஞ்சில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நடுக்கம் இல்லை.