ஓட்டு விளிம்புக்குக் கீழே

"மாமா, ஈவ்ஸ்னா என்ன?" என்று கேட்டேன். ஒரு கட்டடக் கம்பெனியின் இணையதளத்துக்குச் சொல்விளக்கம் எழுதுவது என் வேலை. அன்று கூரைப் பகுதிகளின் முறை. என் மாமனார் விஸ்வேஸ்வரன் ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் கட்டட வரைபடம் போட்டவர்.

"சுவரத் தாண்டி நீட்டிக்கிட்டிருக்கற கூரை விளிம்பும்மா. பழைய இங்கிலீஷ்ல அந்த வார்த்தைக்கே விளிம்புன்னுதான் அர்த்தம். மழைத்தண்ணி சுவத்துல படாம தள்ளி விழணும்ல?"

அத்தை காலமான பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. நான் கேட்டதுகூட ஆசையால் அல்ல, குற்ற உணர்ச்சியால்தான்.

முந்தின நாள் மாலை என் கணவர் ஜெயகிருஷ்ணனும் நானும் அடுக்களையில் நின்று முடிவெடுத்திருந்தோம். அவருக்குப் புனேவுக்கு மாற்றல். மாமாவை ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பது. "அங்கேயே விட்டுடலாம்" என்று முதலில் சொன்னவள் நான். கன்னடத்தில் சொன்னேன். வாசற்படிக்கு உள்ளே தமிழ் மட்டும்தான் என்பது மாமா போட்ட சட்டம். வீட்டுக்குள் அவர் வாயில் ஒரு கன்னடச் சொல் வந்து நான் கேட்டதில்லை. அதனால் ரகசியம் என்றால் எங்களுக்குக் கன்னடம். நாற்பது வருஷமாக இந்தக் கன்னட ஊரின் மண்டி மொஹல்லா சந்தையில் காய்க்குப் பேரம் பேசுகிற மனிதருக்கு அது புரியாதாம். கெட்டிக்காரர்கள்தான் நாங்கள்.

திரையில் இருந்த அடுத்த வரியைப் படித்துச் சொன்னேன். "ஈவ்ஸ்டிராப்பர்ங்கறதும் இதுலேர்ந்துதான் வந்துச்சாம் மாமா. கூரைத்தண்ணி சொட்டற எடத்துல நின்னு, உள்ள பேசறத ஒட்டுக்கேக்கறவங்க..."

பாதியில் நிறுத்திவிட்டேன். நேற்று நாங்கள் பேசும்போது மழை பெய்தது. துணிக்கொடி அடுக்களை ஜன்னலுக்கு வெளியே, ஓட்டு விளிம்புக்குக் கீழே இருக்கிறது. நான் துணி எடுக்கவே இல்லை. காலையில் எல்லாம் மடித்து நாற்காலியில் இருந்தன.

மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"துணி நனையுதேன்னுதான்மா போனேன்," என்றார். பிறகு அந்த வீட்டுக்குள் முதல்முறையாகக் கன்னடத்தில் கேட்டார். "யாவாக ஹோக்பேகு?"

எப்போது போக வேண்டும் என்று கேட்கிறார்.

நாற்காலியைப் பார்த்தேன். என் புடவைகளும் ஜெயகிருஷ்ணனின் சட்டைகளும் ஒரே அடுக்காக இருந்தன. மாமாவின் இரண்டு வேட்டியும் துண்டும் மட்டும் தனியாக, ஒரு துணிப்பையின் மேல் இருந்தன.